சிவக்க மறுத்த ரத்தம்

நீங்கள் ரத்தத்தைப் பார்க்கிறீர்களா என்று லேபில் வேலை பார்க்கிற உங்களைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. காலையிலிருந்து அதைத்தானே சார் பார்க்கிறோம் என்கிறீர்கள். இல்லை. குழாயின் மூடி என்ன நிறம், பார்கோடு நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். குழாயை மெஷினிடம் கொடுக்கிறீர்கள். மெஷின் எண்ணைத் துப்புகிறது. அந்த எண்ணைப் பார்க்கிறீர்கள். நடுவில் இருக்கிற ரத்தத்தை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை, வருகிற கூட்டம் அப்படி. ஆனால் மெஷின் எண்ணைச் சொல்வதற்கு முன்பே ரத்தம் தன் கதையைச் சொன்ன ஒரு நாள் என் சர்வீஸில் உண்டு. அதை உங்களிடம் சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, அங்கேயே ரிட்டயர்மென்ட் மாலை போட்டு அனுப்பப்பட்டவன் நான். எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு முசுடு. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஊசியில் மிஞ்சுகிற கடைசிச் சொட்டை வீணாக்காமல் ஒரு ஃபில்டர் பேப்பரில் வைக்கச் சொல்வார். எந்த டெஸ்டுக்கும் அது தேவையில்லை. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு விதி இல்லை. "இதுல என்ன சார் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் தெரியாது. தெனமும் பாரு. என்னைக்கு வேற மாதிரி இருக்கோ, அன்னைக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அப்படியே பழகிவிட்டேன். நரம்பிலிருந்து எடுக்கிற ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும். பேப்பரில் வைத்துக் கொஞ்சம் காற்றுப் பட்டதும் பளிச்சென்று சிவக்கும். அந்தச் சொட்டுக்குள் இருக்கிற இரும்பு, காற்றிலிருக்கும் பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான் அந்தச் சிவப்பு. நுரையீரலுக்குள் நம் கண்ணுக்குத் தெரியாமல் விடாமல் நடக்கிற ஒரு காரியம், மேசை மேல் ஒரு காகிதத்தில் நம் கண் முன்னால் நடக்கிறது. எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்துவிட்டேன். எனக்கு ஒரு தடவைகூட அலுக்கவில்லை.

சித்திரை மாதம், உச்சிவெயில் நேரம். சேலை மூட்டை ஏற்றுகிற ஒரு லோடு ஆட்டோ நேராக அவசர சிகிச்சை வாசலில் வந்து நின்றது. பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெண்ணை மடியில் கிடத்தியபடி அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். சின்னாளப்பட்டிக்காரர். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற குடும்பம். பாலமுருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் வேண்டாம். மனைவிக்கு மகாலட்சுமி என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் ஊர் நாகல் நகரில் ஒரு கடைக்குச் சேலை கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பியபோது, மனைவி பட்டறைத் தரையில் சுருண்டு கிடந்திருக்கிறாள். வாந்தி எடுத்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் மீதமிருந்த மூட்டைகளைக்கூட இறக்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று டியூட்டியில் இருந்த டாக்டரம்மா ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பிள்ளை. படிப்பை முடித்து எங்களிடம் வந்து அதிக நாள் ஆகவில்லை. பெண்ணின் உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். ஈயப் பாத்திரம் மங்கிப்போனால் எப்படி இருக்குமோ அந்த நிறத்தில் இருந்தன. ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டார்கள். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார்கள். எண்பத்தைந்து காட்டியது. ஆக்ஸிஜனை எவ்வளவு கூட்டினாலும் அந்த எண் அசையவே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஆள் இப்படி வந்தால் முதலில் தோன்றுவது பூச்சிமருந்துதான். எரியோட்டுப் பக்கமிருந்தும் செம்பட்டிப் பக்கமிருந்தும் அப்படி வந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் டாக்டரம்மா புருஷனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, வீட்டுல ஏதாச்சும் சண்டைங்களா? மறைக்காமச் சொல்லுங்க. அப்பத்தான் எங்களால வைத்தியம் பாக்க முடியுமுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எம்பொண்டாட்டி அப்படிச் செய்யிறவ இல்ல டாக்டரம்மா. காலைலகூடச் சிரிச்சுக்கிட்டுத்தான் அனுப்பிவிட்டா. நீங்க வைத்தியத்தப் பாருங்க."

கண்ணின் பாப்பா சுருங்காமல் சரியாக இருந்தது. பூச்சிமருந்து நாற்றமும் இல்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போய்வருகிறது. காற்று போகிறது, இதயம் அடிக்கிறது, ஆனால் ஆள் மூச்சில்லாதவள் போலக் கறுத்துக்கொண்டே போகிறாள். ரத்தத்தில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார் டாக்டரம்மா. மணிக்கட்டில் நாடி துடிக்கிற தமனியில் அவரே ஊசியைக் குத்தினார். ரத்தம் தானாகவே குதித்துக் குதித்து ஏறியது. தமனி ரத்தம்தான், சந்தேகமில்லை. குங்குமமாக இருக்க வேண்டியது, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "சார், துடிச்சுத் துடிச்சு ஏறுதுங்க. ஆனா நெறத்தப் பாருங்க."

எனக்குக் கை தானாகவே போயிற்று. பாக்கெட்டில் எப்போதும் இருக்கிற ஃபில்டர் பேப்பரை எடுத்து, கட்டில் ஓரத்து மேசையில் வைத்து, ஒரு சொட்டு விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? என் விரலையே ஊசியால் குத்தி, பக்கத்தில் என் ரத்தத்தையும் ஒரு சொட்டு வைத்தேன். பேப்பரைத் தூக்கி விசிறினேன். என்னுடையது பளபளவென்று சிவந்தது. அவளுடையது அப்படியே இருந்தது. எவ்வளவு காற்றுப் பட்டாலும் சிவப்பேன் என்று சொல்லவில்லை. அத்தனை வருடம் ஒரே மாதிரி சிவந்து வந்த சொட்டு, அன்றைக்குத்தான் வேறு மாதிரி இருந்தது.

டாக்டரம்மா அந்தப் பேப்பரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல, "மெத்ஹீமோகுளோபின்" என்றார்.

இந்த இடத்தில் ரசாயனத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள், நானும் மறந்துதான் இருந்தேன். அந்தப் பெண்ணின் உடம்பில் இரும்பு குறையவில்லை. ரத்தம் குறையவில்லை. நுரையீரல் நிறையக் காற்று இருந்தது. கெட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். பிராணவாயுவைத் தாங்கிப் பிடிக்கிற இரும்பு அணுக்களில் பாதியோ அதற்கு மேலோ, தங்களிடமிருந்து ஒரே ஒரு எலக்ட்ரானை இழந்திருந்தன. எலக்ட்ரான் என்றால் என்ன என்று எந்தத் தராசிலாவது நிறுத்துக் காட்ட முடியுமா? அது ஒன்று போய்விட்டால் இரும்பு, பிராணவாயுவை ஏற்றுக்கொள்ளாது. மீதியிருக்கிற நல்ல இரும்பும் தான் பிடித்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உடம்புக்குக் கொடுக்காது. கடல் அளவு காற்று சுற்றி இருந்தும் ஒரு மனுஷி மூச்சுத் திணறிச் சாகலாம்.

இன்னொன்றும் உண்டு. நம் எல்லார் உடம்பிலும் தினந்தோறும் கொஞ்சம் இரும்பு இப்படித் தானாகவே கெடுகிறது. சிவப்பணுவுக்குள் ஒரு நொதி உட்கார்ந்துகொண்டு, இழந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. நாம் தூங்கும்போதும் செய்கிறது, பஸ் ஸ்டாண்டில் சில்லறைக்குச் சண்டை போடும்போதும் செய்கிறது. யாரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. அன்று அந்த நொதியால் சமாளிக்க முடியாத அளவுக்கு ஏதோ ஒன்று அவள் உடம்புக்குள் போயிருந்தது.

"என்ன சாப்ட்டாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கம்பங்கூழுதாம்மா. வெயிலுக்கு எங்க வீட்ல மத்தியானம் அதான். மோர் ஊத்தி, உப்புப் போட்டுக் கரைச்சுக் குடிப்போம்."

"கெணத்துத் தண்ணிங்களா?"

"வாட்டர் கேன்தான்."

"நீங்க என்ன தொழிலுங்க பண்ணுறீங்க?"

"சாயப்பட்டறை வச்சிருக்கோம்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "பட்டறையில நைட்ரைட் இருக்குதுங்களா?"

பாலமுருகன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அந்த வீட்டில் ஒரு பழக்கம். சாயத் தொட்டியில் போடுவதற்குப் பொடி உப்பை மூட்டையாக வாங்குவார்கள். பட்டறை மூலையில் ஒரு வாளி நிறைய உப்பு எப்போதும் இருக்கும். அடுக்களையில் உப்பு தீர்ந்தால் கடைக்குப் போவதில்லை, அந்த வாளியில் ஒரு கை அள்ளிக்கொள்வார்கள். உப்பு உப்புதானே. அவர் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான். சில வகைச் சிவப்புச் சாயம் ஏறுவதற்குச் சோடியம் நைட்ரைட் என்று ஒரு பொருளும் தேவைப்படும். அதுவும் வெள்ளையாக, பொடியாக இருக்கும். நாக்கில் வைத்தால் அதுவும் உப்புக் கரிக்கும்.

"காலைல நைட்ரைட் பை கிழிஞ்சு கொட்டுச்சு" என்றார் பாலமுருகன். "உப்பு வாளி காலியா இருந்துச்சு. அதுல கொட்டி வச்சிட்டு அவசரமா வண்டி ஏறிட்டேன். அவகிட்டச் சொல்லணும்னு நெனச்சேன் சார்."

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. "வீட்டுல இன்னும் யாருங்க இருக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார். பாலமுருகன் ஃபோனை எடுத்தார். தம்பியைக் கூப்பிட்டார். "ஏலே, கூழக் குடிச்சிட்டியா? குடிக்காத. கீழ கொட்டு. கோழிகூடத் தொடாத எடத்துல கொட்டு. பட்டறைல உப்பு வாளி இருக்குல்ல, அத மூடி வை. யாரையும் கிட்ட விடாத. ஏன்னு கேக்காதடா, செய்யி." தம்பி இன்னும் சாப்பிடவில்லை. பட்டறை ஆட்களும் சாப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எங்கள் வாசலில் ஒரு வரிசையே நின்றிருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. மருந்தின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது. மெத்திலீன் ப்ளூ. ஆம், நாம் கண்ணாடித் தகட்டில் கிருமிக்குச் சாயம் ஏற்றுகிறோமே, அதே பெயர். அது நீலமாக ரத்தத்துக்குள் போகும். சிவப்பணுவுக்குள் சர்க்கரையிலிருந்து கிடைக்கிற எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு தன் நிறத்தை இழக்கும். கொண்டுபோய் இரும்பிடம் கொடுத்துவிட்டு மறுபடி நீலமாகும். மறுபடி வாங்கப் போகும். வீட்டிலிருந்து கடைக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காலி வாளியோடு திரும்புகிற ஆளைப் போல, போய் வந்துகொண்டே இருக்கும். சாயத்தால் வந்த கேட்டைத் தீர்ப்பதற்கும் ஒரு சாயம்தான். இதை யார் யோசித்து வைத்தார்களோ என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் ஊசி மருந்து எங்கள் மருந்தகத்தில் இல்லை. வருடக்கணக்கில் யாரும் கேட்காத மருந்தை எந்த மருந்தகம் வாங்கி வைக்கும்? டாக்டரம்மா வைட்டமின் சி ஊசியையும் குளுக்கோஸையும் ஏற்றிவிட்டார். அது உதவும், ஆனால் மெதுவாகத்தான். அவளுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தவள், இப்போது தோளை உலுக்கினால்தான் திறந்தாள். நான் லேபுக்கு ஓடிப்போய், தெரிந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ஃபோன் போட ஆரம்பித்தேன். நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்த பாலமுருகன் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

லேப் ரேக்கில், கண்ணுக்கு நேராக, பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி ஒரு பாட்டில் நின்றது. மெத்திலீன் ப்ளூ. நான் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார். இந்தாருக்குல்ல சார்."

"அது மருந்து இல்ல தம்பி."

"பேரு அதான போட்டிருக்கு? டாக்டரம்மா சொன்ன பேரு அதான?"

"பேரு அதுதான். பொருளு வேற. இது கிருமிக்குப் போடுற சாயம். இதுல காரம் இருக்கு, ஸ்பிரிட் இருக்கு, வேற உலோகமெல்லாம் கலந்திருக்கு. ரத்தத்துல ஏத்துனா நாமளே கொன்ன மாதிரி ஆயிரும்."

"சாயந்தான சார். எனக்குத் தெரியாத சாயமா? வடிகட்டித் தாங்க. கொதிக்க வச்சுத் தாங்க. நான் வேணா மொதல்ல குடிச்சுக் காட்டுறேன்." அவர் கை கூப்பிவிட்டார். "அங்க அவ செத்துக்கிட்டிருக்கா. இங்க மருந்த வச்சிக்கிட்டு இல்லைங்கிறீங்களே, நல்லாருப்பீங்களா நீங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இருப்பதைப் போலவே தோன்றியது. பெயர் ஒன்றுதான். நீலம் ஒன்றுதான். மூலக்கூறைப் படமாகப் போட்டால் அதுவும் ஒன்றுதான். அந்த நேரம் டாக்டரம்மாவும் லேப் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் பார்வையும் ஒரு கணம் அந்தப் பாட்டில் மேல் நின்றது. "சார், கிடைக்கவே இல்லைன்னா..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம்மா" என்றேன். "கிடைக்கும். தேடுவோம்."

எனக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஒரே பயம். இன்னும் கொஞ்ச நேரம் அந்த மனுஷன் அப்படிக் கை கூப்பி நின்றால் நானே மனம் இளகிவிடுவேன் என்று தெரிந்தது. அந்தப் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை எங்கள் ரிசப்ஷன் பெண்ணிடம் கொடுத்து, நானே கேட்டாலும் தராதே என்றேன். நெருக்கடியில் நம் புத்தி எப்படி வேலை செய்யும் என்று நமக்கே தெரியாது. தப்பு செய்ய வழியில்லாமல் அடைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். அன்றைக்கு எனக்கு இது மட்டும் தோன்றியதே, அது போதும்.

மருந்தகத்தில் இல்லாத மருந்து வேறு எங்கே இருக்கும் என்று யோசிக்க வேண்டும். விஷத்துக்கு மருந்து என்று தேடினால் கிடைக்காது. அந்த நீலத்தை வேறு எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தேட வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் உள்ளே எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, இந்த நீலத்தைச் செலுத்திப் பார்ப்பார்கள். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். மூல நோய், பவுத்திரம் பார்க்கிற சர்ஜன்களிடம் அது கட்டாயம் இருக்கும். நாகல் நகரில் அப்படி ஒரு சின்ன நர்ஸிங் ஹோம் இருந்தது. ஃபோனை எடுத்த தியேட்டர் சிஸ்டர், "இருக்கு சார். தேதி பாத்துச் சொல்றேன், லைன்லயே இருங்க" என்றார். தேதி இருந்தது. "ஆளு அனுப்புறீங்களா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள், "வேண்டாம் சார், நானே கொண்டுட்டு வாரேன்" என்று வைத்துவிட்டார். ஸ்கூட்டியில் வந்தார். சல்வார் மேல் தியேட்டர் கவுனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். அவருடைய பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை, இன்றுவரை அந்தக் குறை இருக்கிறது.

கண்ணாடிக் குப்பியை உடைக்கும்முன் டாக்டரம்மா நின்றார். புருஷனிடம் ஒரு கேள்வி கேட்டார். "இவங்களுக்கு எப்பவாச்சும் மாத்திரை சாப்ட்டு மஞ்சக்காமாலை மாதிரி வந்திருக்குதுங்களா? ஒண்ணுக்குக் காப்பி நெறத்துல போயிருக்குதுங்களா? இவங்க சொந்தத்துல யாருக்காச்சும்?"

"இல்லங்கம்மா. அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்ல."

கேள்வி எதற்கு என்று உங்களில் யாராவது சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். சர்க்கரையிலிருந்து எலக்ட்ரானை எடுத்துக் கொடுக்கிற ஒரு நொதி, சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அப்படிப்பட்டவருக்கு இந்த நீலத்தை ஏற்றினால் நீலத்துக்கு வாங்குவதற்கு எலக்ட்ரான் கிடைக்காது. சிவப்பணுக்கள் உடைந்துபோகும். டெஸ்ட் செய்து பார்க்க நேரமில்லை. அதே நீலத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் அதுவே இரும்பைக் கெடுக்கும். எந்தப் பொருளையும் மருந்து என்றோ விஷம் என்றோ பெயர் வைத்து உட்காரவைத்துவிட முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது. டாக்டரம்மா எடையைக் கணக்குப் போட்டார். நர்ஸை ஒருமுறை திரும்பக் கணக்குப் பார்க்கச் சொன்னார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக ஏற்றத் தொடங்கினார்.

ஏற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஆக்ஸிமீட்டர் கத்த ஆரம்பித்தது. எண்பத்தைந்திலேயே நின்றிருந்த எண் சரசரவென்று இறங்கியது. எழுபது. அறுபதுகள். இன்னும் கீழே. பாலமுருகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மாவின் கட்டை விரல் சிரிஞ்சின் மேல் அப்படியே நின்றுவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா, மருந்தே கொல்கிறதா?

"மெஷின் வெளிச்சத்த விட்டுத்தானம்மா அளக்குது" என்றேன். "ரத்தத்துல இப்ப நீலம் ஓடுது. அது ஏமாறலாம்."

"எனக்கும் அப்படித்தானுங்க படிச்ச ஞாபகம்" என்றார். "ஆனா நிச்சயமாத் தெரியணுமுங்க சார். ஒரு சொட்டு எடுங்க."

எடுத்தேன். பழைய சொட்டுக்குப் பக்கத்திலேயே பேப்பரில் வைத்தேன். பழுப்புதான். ஆனால் அதே பழுப்பில்லை. ஓரத்தில், நகக்கண் அளவுக்கு, ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது. எனக்குத்தான் ஆசையில் அப்படித் தெரிகிறதோ என்று டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், கத்துகிற மெஷினைப் பார்த்தார். பெண்ணின் நாடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெஷினின் சத்தத்தை அணைத்துவிட்டு, மிச்ச மருந்தையும் அதே மெதுவோடு ஏற்றினார். அந்த வயதில் அந்த நிதானம் எனக்கு இருந்ததில்லை.

அதன்பின் நடந்ததை நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எடுத்து ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தேன். கருப்பட்டிக் காப்பி. அடுத்தது காய்ந்த செங்கல். அடுத்தது மாதுளை ஓட்டின் நிறம். அதற்கடுத்த சொட்டு, பேப்பரில் பட்டதும் விசிறாமலேயே, என் கண் எதிரே மலர்ந்து சிவந்தது. அவளுடைய உதட்டிலும் அதே வரிசையில் நிறம் ஏறியது. கணக்கற்ற இரும்பு அணுக்கள், ஒவ்வொன்றும் தான் தொலைத்த ஒரே ஒரு எலக்ட்ரானைத் திரும்ப வாங்கிக்கொண்டன. காலையில் அவள் சாப்பிட்ட இட்லியின் சர்க்கரை, டாக்டரம்மா ஏற்றிய குளுக்கோஸ், ஒரு துளி நீலம். இவ்வளவுதான் அங்கே இருந்தது. நான் பக்திமான் இல்லை. ஆனால் அந்தக் கட்டில் ஓரத்தில் எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பவும் செய்தேன். யாரைப் பார்த்து என்று கேட்டால் தெரியாது.

மகாலட்சுமி கண்ணைத் திறந்து முதலில் புருஷனைத்தான் தேடினாள். அவர் கட்டிலுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து முகத்தைக் காட்டினார்.

"நீங்க கூழு குடிக்கலேல்ல?" என்றாள். "உப்பு சரியில்ல. ரெண்டு தடவ போட்டேன்."

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் மதியம் பாலமுருகன் லேப் வாசலில் வந்து நின்றார். பூட்டிய அலமாரியை ஒருமுறை பார்த்தார். முதல் நாள் பேசியதற்கு ஏதாவது சொல்வாரோ என்று நினைத்தேன். அவர் கையில் யூரின் டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் மயில் கழுத்து நிறத்தில் பச்சையும் நீலமுமாக இருந்தது.

"சார், அவளுக்கு ஒண்ணுக்கு இப்படிப் போகுது. பயமா இருக்கு."

"பயப்படாதீங்க. ஏத்துன மருந்துதான் வெளிய போகுது."

"இந்தச் சாயம் போயிருமா சார்?"

"போயிரும்."

"நெசமாத்தான சொல்றீங்க?"

"நெசமாத்தான்."

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கப்பா காலத்துலேர்ந்து சேல வாங்க வர்றவங்ககிட்ட, சாயம் போகாது, போகவே போகாதுன்னு சத்தியம் பண்ணி வித்திருக்கோம் சார். இப்பத்தான் சாயம் போகணும்னு சாமி கும்புட்டுக்கிட்டுத் திரியிறேன்." சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார். முதல் நாள் அத்தனை நேரமும் அழாத மனுஷன்.

அவளை வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலையில் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்து ஜன்னல் பக்கம் போனார். டப்பாவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று நூலைப் பார்ப்பதைப் போல ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். வெறும் மஞ்சள். நீங்களும் நானும் தினமும் நூறு டப்பாவில் பார்த்துவிட்டு மறந்துபோகிற அதே மஞ்சள்.